காளான் பொறுக்கற பட்டன்

விழுந்தாச்சு. மறுக்கா விழுந்தாச்சு. டிவிக்குள்ள, சாம்பல் மூடிக் கெடக்கற ஒரு மலை உச்சியில, இரும்புச் சட்டையும் முழங்கால் வரைக்கும் பூட்ஸுமா என்ற வீராங்கனை மல்லாக்கக் கெடக்கறா. டிவிக்கு வெளிய, திருப்பூர்ல, மாடி ரூம்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்ன வயித்தோட பாய்ல சம்மணம் போட்டு நான் உக்காந்திருக்கறேன். சாகலை, விழுந்துதான் கெடக்கறேன். ரெண்டு பேர் சேர்ந்து ஆடுனா இந்த கேம்ல அப்படித்தான், அடி வாங்கி விழுந்தா மூலையில ஒரு செவப்புக் கோடு தேய ஆரம்பிக்கும், அது தேய்ஞ்சு முடியறதுக்குள்ள கூட ஆடறவங்க வந்து பட்டனை அமுக்கித் தூக்கி விட்டா எந்திரிக்கலாம், வரலைன்னா போச்சு. எதுக்கு விழுந்தேன்? மருந்து குடிச்சு விழுந்தேன். மருந்து குடிச்சா உசுரு வரணும், இங்க மருந்து குடிச்சாத்தான் உசுரு போகுது. பட்டனை அமுக்குனா இவ என்ன பண்றா, வாளை இடுப்புல சொருகறா, குப்பியை எடுக்கறா, தக்கையைப் புடுங்கறா, அண்ணாந்து, பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறவளாட்ட ஆற அமரக் குடிக்கறா. முன்னால மூணு தலை டிராகன் ஒண்ணு, எங்க பேச்சுல ஓணான், நெருப்புக் கக்கீட்டு நிக்குது, இவளுக்கு அவசரமே இல்லை. அதுலயும் பயத்துல நான் பட்டனை ரெண்டு தடவை அமுக்கீட்டேன். அதை மனசுலயே வெச்சுக்குவா. முதல் குப்பி முடிஞ்சதும், நீதானே ரெண்டு தடவை சொன்னேன்னு ரெண்டாவது தக்கையைப் புடுங்குவா. நடுவுல உருளுடீ, உருளுடீன்னு நான் கட்டை வெரல் தேய அமுக்குனது எதுவும் காதுல ஏறாது. எவன்டா இதைப் பண்ணுனவன், ஒரு நாளாச்சும் உசுருக்குப் பயந்து ஓடியிருப்பானா? "இருங்க, வந்துட்டேன்"னு காதுல மாட்டுன ஹெட்செட்டுல பூபதி சொல்றாரு, அவரு ஊட்டுல இருந்து ஆடீட்டே. பூபதிங்கறது எனக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை. இன்னும் மாப்பிள்ளை ஆகலை. ஆகறாரா இல்லையாங்கறது இன்னைக்குக் காப்பி நேரத்துல தெரிஞ்சுரும், கலாமணி அத்தை வர்றாங்க. அப்பாவோட கூடப் பொறந்தவங்க, ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல நின்னு பேசறவங்க. சரியா வேண்டாமான்னு என்ற வாயால ஒரு வார்த்தை வாங்கீட்டுப் போய் அங்க சொல்லோணும். நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியலை. இப்போதைக்குச் செவப்புக் கோடு பாதி தேய்ஞ்சுருச்சு.

வந்துட்டாரு. பூபதியோட ஆளு பச்சைச் சொக்காய் போட்டு, தொப்பி வெச்சு, குடுகுடுன்னு ஓடியாந்து என்ற தலைமாட்டுல நிக்கறான். அமுக்குங்க, அமுக்குங்க, அமுக்கிப் புடிச்சுட்டே இருங்க. அமுக்கறாரு. ஆளு குனியறான். டிங்குன்னு ஒரு மணிச் சத்தம். காளான் கிடைத்ததுன்னு எழுத்து வருது. அட கெரகமே! "ஏனுங்க, நான் இங்க செத்துட்டிருக்கறேன், நீங்க காளான் பொறுக்கீட்டிருக்கறீங்களா?" "இல்லீங்க, உங்களைத்தான் அமுக்குனேன், அது காளானை எடுத்துருச்சு." "மறுக்கா அமுக்குங்க!" டிங். இன்னொரு காளான். மூணாவது அமுக்கறதுக்கு ஓணான் விடலை, வாலைச் சுழட்டி ஒரு போடு போட்டுச்சு, அவரு அந்தப் பக்கம் பறந்து போய் விழுந்தாரு, என்ற கோடும் முடிஞ்சுது. திரை கறுத்துப் போச்சு. ஆளைத் தூக்கி விடறதுக்கும் கீழ கெடக்கறதைப் பொறுக்கறதுக்கும் ஒரே பட்டன், எது கிட்ட இருக்குதோ அதுக்குத்தான் முதல் மரியாதை. மனுசி உசுரு ஒரு பக்கம், காளான் ஒரு பக்கம், காளான் நாலு விரற்கடை பக்கத்துல இருந்தா காளான்தான். இத்தனை கோடியில கேம் பண்ணுனவனுங்களுக்கு இன்னொரு பட்டனுக்கா பஞ்சம்? எங்க கம்பெனியில ஒரு பனியன்ல ஒத்தைத் தையல் விட்டிருந்தாலே மொத்தப் பொட்டியையும் நான் திருப்பி அனுப்பீருவேன். தரம் பாக்கற வேலை எனக்கு, குறை கண்டுபுடிக்கறதுக்குத்தான் சம்பளம். அம்மா அதைத்தான் சொல்லும், ஆபீஸ்ல பாக்கற வேலையை ஊட்டுக்கு வர்ற மாப்பிள்ளைங்ககிட்டயும் பாக்காத அம்மிணின்னு. இதுக்கு முன்னால வந்தவங்கள்ல ஒருத்தர் பஜ்ஜியில இருக்கற வாழைக்காயை மட்டும் உருவி வெச்சுட்டு மாவைத் தின்னாரு. வேண்டாம்னுட்டேன். அதுக்கெல்லாமா வேண்டாம்பாங்கன்னு அம்மா ஒரு வாரம் பேசலை. அதுக்கெல்லாம்தான் வேண்டாம்பாங்க, வேற எதை வெச்சுச் சொல்றது, ஜாதகத்துல வாழைக்காயா எழுதியிருக்கும்?

பூபதி வந்த அன்னைக்கு ஒரு குறையும் கெடைக்கலை, அதுதான் எனக்குச் சந்தேகம். கோபிப் பக்கம் கால்நடை டாக்டரு. முடிவாகாம கை நனைக்கக் கூடாதுன்னு அவங்கம்மா காப்பியோட நிறுத்திக்க, இவரு மட்டும் பஜ்ஜித் தட்டையே பாவமாப் பாத்துட்டிருந்தாரு. தனியாப் பேசீட்டு வாங்கன்னு மாடிக்கு அனுப்புனாங்க. ரெண்டு பேரும் தண்ணித் தொட்டியைப் பாத்துட்டு நின்னோம். உங்களுக்கு என்ன புடிக்கும்ன்னாரு. எல்லாரும் கேக்கறதுதான், எல்லார்கிட்டயும் சமையல், பாட்டுன்னு சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போயிருந்துச்சு. டிராகனைக் கொல்றது புடிக்குங்கன்னேன். சிரிக்கலை அந்த மனுசன். "அது எங்க கெடைக்குங்க?"ன்னாரு. அடுத்த வாரமே எங்கயோ பழசா ஒரு மெசின் வாங்கிப் போட்டு, என்னையே போன்ல கேட்டு வயரை மாட்டி, வந்து நின்னாரு கேம்ல, வாளைத் தலைகீழாப் புடிச்ச மாதிரி. மத்த பொண்ணுங்க கல்யாணத்துக்கு முன்னால போன்ல சாப்டீங்களா, சாப்டேன்னு பேசும். நாங்க பேசறது இப்படி: எலி வருதுங்க, குதிங்க, ஐயோ அது பள்ளங்க. நேத்து அவரே சொன்னாரு, "மேகலா, நீங்க வேண்டாம்னு சொன்னாலும் பரவால்லீங்க. ஆனா இந்த ஓணானை முடிச்சுட்டுச் சொல்லுங்க. பாதியில விட்டா எனக்கு மனசு ஆறாது." அதைக் கேட்டதுல இருந்துதான் எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. வேண்டாம்னாலும் பரவால்லையாமே, என்ன பரவால்லை? அத்தனை லேசாவா போயிட்டேன்? இல்லை, நான் நிம்மதியாச் சொல்லோணும்னு சொன்னாரா? ரெண்டுமே அந்தக் குரலுக்குப் பொருந்துது. அந்த மனுசன் குரல் எதுக்கும் ஏறாது எறங்காது, பசு மாட்டுகிட்டப் பேசிப் பேசி அப்படி ஆயிருச்சு போல.

சரி, மண்டபத்துல இருந்து மறுக்கா ஓடோணும். செத்தா பழையபடி அந்த மண்டபத்துலதான் முளைப்போம், ஓணான் இருக்கற உச்சிக்கு ஒரு மைல் படிக்கட்டு, படிக்குப் படி எலி. பூனையளவு எலிங்க. எலி ஒரு அடிக்குச் செத்துரும், ஆனா எலியைப் பாத்து ஒரு பட்டனை அமுக்குனா கேமரா அது மேல ஒட்டிக்கும். வீட்டுக்கு வந்த ஒறம்பரையில ஒருத்தர் உன்னையே பேசிப் பேசிப் புடிச்சுக்குவாங்களே, அது மாதிரி விடவே விடாது. போன தடவை அப்படித்தான், ஓணான் மூணு வாயையும் தொறந்துட்டு நிக்குது, என்ற கேமரா பின்னால ஓடற எலி வாலைப் பாத்துட்டு நிக்குது, நான் நெருப்புல வெந்துட்டேன். "ஏனுங்க, எலியை அடிக்காம ஓரமா வாங்க"ங்கறேன். "அது நொண்டுதுங்க"ங்கறாரு. "எது?" "அந்த எலி. முன்னங்கால்ல." "அதுக்கு?" "இல்லீங்க, சும்மா சொன்னேன்." சிரிப்பு வந்துருச்சு. வெளிய காட்டலை. எலிக்கு வைத்தியம் பாக்கற ஆளைக் கூட்டீட்டு ஓணானைக் கொல்லப் போறேன், என்ற ஜாதகம். இருந்தாலும் எலி கால் நொண்டுறதைப் பாத்தவனுக்கு ஆளு விழுந்து கெடக்கறது தெரியாமப் போகுமான்னு ஒண்ணு மனசுல ஓடுது, ஓடாதடீங்கறேன், ஓடுது. இந்த நெனப்பு எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். அக்காவோட பாத்ரூம்ல போய் நிக்கும்.

நின்னுருச்சு பாரு. அக்கா மாசமா இருந்தப்ப, அவ ஊட்டுப் பாத்ரூம்ல சறுக்கி விழுந்துட்டா. ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்பிட்டிருக்கறா. மாமா கிரிக்கெட் பாத்துட்டிருந்தாரு. இரு, கடைசி ஓவரு, வந்தர்றேன்னிருக்கறாரு. அவரு கெட்டவரெல்லாம் இல்லை, நல்ல மனுசன், எங்கம்மாவுக்குக் கண் ஆபரேசன் பண்ணுனப்ப மூணு நாள் கூடவே இருந்தாரு. கொழந்தைக்கும் ஒண்ணும் ஆகலை, இப்ப அது ரெண்டாங்கிளாஸ் படிக்குது, வாய் காது வரைக்கும் இருக்குது. அக்கா அதை ஒறம்பரையெல்லாம் கூடி இருக்கறப்ப லொள்ளுக் கதையாச் சொல்லும், உங்க மாமாவுக்கு நான் விழுந்தது நோ பாலுன்னு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, மாமாவும் சிரிப்பாரு. எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்த ஈரத் தரையில, சோப்பு வாசத்துல, கைக்கு எட்டாத தாழ்ப்பாளைப் பாத்துட்டு அவ கெடந்திருக்கறா, ஒரு ஓவர் முழுக்க. யாருகிட்டப் போய் இதைக் கேக்கறது? பொருத்தம் பாக்கற ஜோசியரு பத்துப் பொருத்தம் பாத்தாரு, ஒம்பது இருக்குதுன்னாரு. விழுந்தா வருவானான்னு ஒரு பொருத்தம் அதுல இல்லை. பூபதி ஒரு நாள், இதே மாதிரி நடு ஆட்டத்துல, "எருமை ஒண்ணு கன்னு போட முடியாமக் கெடக்குதாமுங்க, வந்தர்றேன்"னு கட்டையைக் கீழ போட்டுட்டுப் போயிட்டாரு. கட்டைன்னா கையில புடிக்கற கன்ட்ரோலரு, அவரு கட்டைன்னுதான் சொல்வாரு. நான் எலிக்கு நடுவுல ஒத்தையா நின்னேன். வாயில வந்ததெல்லாம் திட்டுனேன், கேக்கறதுக்கு ஆளில்லாம. திரும்பி வந்து கெடேரிக் கன்னுங்கன்னு பூரிச்சுப் போய்ச் சொன்னாரு. எருமைக்கு ஓடுனாரு. எனக்கு ஓடுவாரா? அட, இதென்ன ரோசனை, எருமையோட போட்டி போடறேன்.

கீழ கேட் சத்தம். வந்துட்டாங்க அத்தை. செருப்பைக் கழட்டறப்பவே பேச்சை ஆரம்பிச்சுருவாங்க, "எங்க அந்த மகாராணி?" அம்மா மாடிப்படிகிட்ட வந்து, "அம்மிணி, அத்தை வந்திருக்கறாங்க பாரு, அந்தச் சனியனை நிறுத்தீட்டு வா"ங்குது. "ரெண்டு நிமிசம்மா!" "மூக்கணாங்கயிறாட்ட அதை மாட்டீட்டு உக்காந்துட்டா ரெண்டு நிமிசம் ரெண்டு மணி நேரம்." ஹெட்செட்டைச் சொல்லுது, வயர் இல்லாதது, தண்ணி குடிக்கக் கீழ போனாக்கூடக் கழுத்துல கெடக்கும். இந்த ஆட்டம்தான் கடைசி. ஜெயிச்சா ஜெயிச்சோம், இல்லைன்னா இல்லை, எறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லோணும். நெஞ்சு அடிக்குது. ஓணானுக்கா, அத்தைக்கா? உச்சிக்கு வந்தாச்சு. புகை ரெண்டாப் பிரியுது, எந்திரிச்சு நிக்குது அது, மூணு தலையும் மூணு பக்கம். இந்தத் தடவை நல்லாப் போகுது, ஆமாங்க, நல்லாத்தான் போகுது. நான் எடது பக்கமா உருண்டு அது காலை வெட்டறேன், அவரு தூரத்துல நின்னு நெருப்பு அம்பு விடறாரு, பாதி ஓணானுக்கு, பாதி என்ற முதுகுக்கு. "ஏனுங்க, அது நானு!" "மன்னிச்சுக்கங்க, உங்க சட்டையும் அது தோலும் ஒரே கலர்ல இருக்குது." இதுவும் ஒரு கெரகம், நம்ம ஆளு அம்பு நம்மளையே சுடும், ஓணானோட மூணு தலையும் ஒண்ணு மேல ஒண்ணு மோதிக்கிட்டாலும் அதுக்கு ஒரு கீறல் விழாது. திடீர்னு அவரு, "தள்ளுங்க, தள்ளுங்க, வயிறு உப்புது, இப்ப வாயில விடும்"ங்கறாரு. உருண்டேன். நான் நின்ன எடம் பூராவும் நெருப்பு. "எப்படிங்க தெரியும்?" "மாட்டுக்கு வயிறு ஊதுனா எடது பக்கம்தாங்க முதல்ல ஏறும். இதுக்கும் அப்படித்தான் ஏறுது." சத்தம் போட்டுச் சிரிச்சுட்டேன். கீழ அத்தை, "என்னடீ மேல கும்மாளம்?"ன்னாங்க.

சிரிச்சதுதான் தப்பு. கை தாமசமாயிருச்சு, உருள்றதுக்குப் பச்சைக் கோட்டுல தெம்பு இல்லை, தெம்பு தீந்தா இவ மூட்டை தூக்குனவளாட்ட இடுப்புல கையை வெச்சு மூச்சு வாங்குவா, எந்த நேரம்னு ஒரு கணக்கு வழக்கு இல்லை. வால் வந்துச்சு. பறந்தேன். விழுந்தேன். எங்க விழுந்தேன்னு பாத்தா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் குடை குடையாக் காளான், நான் நட்ட நடுவுல, சவத்துக்கு மாலை போட்டாப்பல. போச்சு, முடிஞ்சுது. செவப்புக் கோடு கெளம்பியாச்சு. விழுந்தா கேமரா வானத்தைத்தான் காட்டும், வேற எங்கயும் திருப்ப முடியாது. வானம் நல்லாத்தான் வரைஞ்சிருக்கறானுங்க, செவப்பும் சாம்பலுமா, ஒரு பறவை ஒரே எடத்துல வட்டம் போடுது, மொத நாள்ல இருந்து அதே பறவை. கீழ அத்தை குரல், "மாப்பிள்ளைப் பையன் தங்கமான பையன் அண்ணி, இவ என்ன சொல்லப் போறாளோ"ன்னு. அம்மா ஏதோ சொல்லுது, கேக்கலை, டம்ளர் சத்தம்தான் கேக்குது. சரின்னு சொன்னா என்ன ஆகும்? கோபிக்குப் போகோணும், இந்த ரூம் இல்லை, இந்தப் பாய் இல்லை, அங்க ஒரு பாத்ரூம் இருக்கும், தரை எப்படியிருக்குமோ தெரியாது. வேண்டாம்னு சொன்னா? இன்னொருத்தர் வருவாரு, தண்ணித் தொட்டியைப் பாப்பாரு, என்ன புடிக்கும்பாரு. அது வேண்டவே வேண்டாம். அப்ப சரிதானா? அப்படியும் சொல்ல முடியலை. அடுத்தது வேண்டாங்கறதும் இதுதான் வேணுங்கறதும் ஒண்ணா? பறவை இன்னொரு வட்டம் போட்டுச்சு. இதைப் போய் ஒரு கேம்ல விழுந்து கெடந்துட்டு ரோசிக்கறவளை லூசுன்னுதான் சொல்வாங்க. டிங். காளான். தலைமாட்டுல பச்சைச் சொக்காய். டிங். "விடுங்க, ஓடிப் போய் நீங்களாச்சும் அடிங்க, இங்க ஆகாது." "ஆகுங்க. இத்தனையும் பொறுக்கீட்டா அப்பறம் நீங்க மட்டும்தானே மிச்சம்?" டிங். டிங். டிங். அட, ஆமா. களை எடுக்கறவராட்டக் குனிஞ்சு குனிஞ்சு எடுக்கறாரு அந்த மனுசன், அவசரமே இல்லாம, பின்னால ஓணான் கத்தீட்டு வருது, ஒரு தடவை உருண்டு தப்பிச்சு, மறுக்கா வந்து அதே எடத்துல குனியறாரு. "இன்னும் கொஞ்சம்தாங்க, பொறுத்துக்கங்க." எருமைகிட்டயும் இதைத்தான் சொல்லியிருப்பாரு, இதே குரல்ல.

அப்பறம் சத்தம் நின்னு போச்சு. பை நிறைஞ்சு போச்சுன்னு எழுத்து வருது. இதுக்கு மேல பாரம் தூக்க முடியாதாம். என்னோட கோடு நூலாட்ட ஆயிருச்சு. "காளானைத் தூக்கிப் போடுங்க!" "ஒண்ணொண்ணாத்தாங்க போட முடியுது, போட்டாலும் இங்கயேதான் விழுகும், மறுக்கா அதையேதான் எடுக்கும்." என்னமோ பளபளன்னு பறந்து மலை உச்சியைத் தாண்டிக் கீழ போச்சு. டிங், டிங், டிங். ஆளு குனிஞ்சான், என்ற கையைப் புடிச்சான், தூக்குனான், நான் எந்திரிச்சு நிக்கறேன், கோட்டுல ஒரு சொட்டு மிச்சத்தோட. "என்னத்தைங்க வீசுனீங்க?" "வாளுங்க. ஆயுதத்தை மட்டும்தான் தூர வீச முடியுது, அதுதான் இருக்கறதுல பாரம்." வாளா? எந்த வாளு? நான் கோட்டை வாசல்ல நிக்கற காவக்காரனோட ஒரு வாரம் மாரடிச்சு வாங்கி, உங்க கையில இருக்கறது வெறும் வெளக்குமாறுங்க, இதை வெச்சுக்கங்கன்னு குடுத்தனே, அந்த வாளு? "அறிவிருக்குதா உங்களுக்கு?" கத்தீட்டேன். கீழ டம்ளர் சத்தம் நின்னு போச்சு. "அது இந்த கேம்ல ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்குது! மறுக்கா கெடைக்காது!" "தெரியுங்க"ங்கறாரு. "நீங்க அங்க கெடந்தீங்க, வேற என்னத்தைங்க வீசறது?" கீழ அத்தை மெதுவா, மெதுவாப் பேசறதா நெனைச்சுட்டு, "ஏன் அண்ணி, மாப்பிள்ளையவா இப்படிப் பேசறா? இது ஆகாதாட்ட இருக்குது. நான் கெளம்பறேன்"ங்கறாங்க. ஐயையோ. இருங்கத்தை, இருங்க, அஞ்சே நிமிசம்.

வெட்டுனேன் பாருங்க. என்னைக்கும் அப்படி வெட்டுனதில்லை. கோபமா, சந்தோசமா, என்னன்னு தெரியலை, ரெண்டு கட்டை வெரலும் தானாப் போகுது, உருண்டு, வெட்டி, உருண்டு, மருந்தைத் தொடவேயில்லை, அவரு வயிறு, வயிறுங்கறாரு, நான் தள்ளிக்கறேன், அம்பு ஒண்ணுகூட என்ற மேல விழுகலை. ஒரு தலை சாஞ்சுது, ரெண்டாவது சாஞ்சுது. மேல ஓணானோட உசுருக் கோடு, திரை அகலத்துக்கு இருந்தது, மயிரளவு ஆயிருச்சு. ஒரே வெட்டு. இன்னும் ஒரே ஒரு வெட்டு. எத்தனை வாரம், எத்தனை எலி, எத்தனை படிக்கட்டு! அப்பத்தான் மிச்சமிருந்த தலை திரும்பி அவரை முட்டித் தள்ளுச்சு. அந்தப் பக்கம், பாறை ஓரத்துல, பச்சைச் சொக்காய் மல்லாக்க விழுந்துச்சு. "நான் விழுந்துட்டேனுங்க"ங்கறாரு, அதே குரல். "நீங்க வராதீங்க. அடிங்க, ஒரு வெட்டுத்தான், முடிச்சுருங்க." சரிதானே அவரு சொல்றது. வெட்டுனா கேமே முடிஞ்சுது, ரெண்டு பேரும் ஜெயிச்சாப்பலதான், விழுந்து கெடந்தா என்ன, நின்னா என்ன. ஓணான் கால் என்ற முன்னாலயே இருக்குது, கையில வாள் இருக்குது. இது அத்தனையும் எனக்குத் தெரியும். ஆனா திரையில ஓணான் இல்லை, பாறை வருது, பச்சைச் சொக்காய் கிட்ட வருது, அப்பறம்தான் எனக்கே உறைச்சுது, நான் ஓடீட்டிருக்கறேன், அவரைப் பாத்து ஓடீட்டிருக்கறேன், யாரைக் கேட்டு ஓடறேன்? நின்னேன், குனிஞ்சேன், பட்டனை அமுக்குனேன்.

டிங்.

காளான் கிடைத்தது. பாறை இடுக்குல, அந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அவரு பொறுக்காம விட்டது, ஒத்தைக் காளான். அதைத்தான் எடுத்தேன். ரெண்டு கையிலயும் ஏந்திப் புடிச்சு, வெளிச்சத்துல காட்டி, அழகு பாத்துட்டு நிக்கறா என்ற வீராங்கனை. பின்னால நெருப்பு வந்துச்சு. திரை கறுத்துப் போச்சு.

ஹெட்செட்டைக் காதோட அமுக்கிப் புடிச்சேன். பேசுங்களேன். பாத்தீங்களா, நீங்க மட்டும் என்னவாம்னு கேளுங்களேன், அத்தனை திட்டு வாங்குனீங்களே, கேக்கற உரிமை இருக்குதே. காது ரெண்டும் சூடேறிப் போய்க் காத்திருக்கறேன். அவரு தொண்டையைக் கனைச்சாரு. "மேகலா"ங்கறாரு, "நல்ல காளானுங்களா?" அவ்வளவுதான், பொத்துட்டு வந்துருச்சு சிரிப்பு, பாய்ல சாஞ்சு, வயித்தைப் புடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறேன், அவரும் அங்க சிரிக்கறாரு, குரல் ஏறி எறங்கி, முதல் தடவையா. சிரிப்புக்கு நடுவுல கேட் தாழ்ப்பாள் சத்தம். ஐயோ, அத்தை! கட்டையைப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடுனேன், கால் மரத்துப் போயிருக்குது, நொண்டி நொண்டிப் படிக்கட்டுல எறங்கறேன். அத்தை ஒத்தைச் செருப்பை மாட்டீட்டு வாசல்ல நிக்கறாங்க, அம்மா காப்பி டம்ளரை ஏந்திட்டுப் பின்னால நிக்குது, ரெண்டு பேர் மூஞ்சியும் தொங்கிப் போய்.

"போகாதீங்கத்தை. சரின்னு சொல்லீருங்க."

"என்னடீ சரி? இப்பத்தான அறிவிருக்குதான்னு அந்தப் பையனைக் கத்துன? ஊரே கேட்டுச்சு."

"கத்துனேன். இனியும் கத்துவேன். சரிதாங்கத்தை, எனக்குப் புடிச்சிருக்குது."

"என்னத்தைப் பாத்துடீ இப்பத் திடீர்னு புடிச்சுது?"

"ஒரு வெட்டு வெட்டியிருந்தா ஜெயிச்சிருப்பேங்கத்தை. வெட்டாம அவருகிட்ட ஓடீட்டேன்."

அத்தை அம்மாவைப் பாத்தாங்க. அம்மா என்னைப் பாத்துச்சு, நொண்டுற காலைப் பாத்துச்சு, கண்ணைத் தொடைச்சுட்டு, "அவ சரின்னுட்டா கலாமணி, இதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க, புத்தி மாறீரும். செருப்பைக் கழட்டீட்டு வந்து காப்பியைக் குடிங்க"ன்னுச்சு. அத்தை செருப்பைக் கழட்டறப்ப என்ற கழுத்துப் பக்கம் யாரோ மூச்சு விட்டாப்பல இருந்துச்சு. ஹெட்செட்டு. கழட்டவே மறந்துட்டேன், பச்சை வெளக்கு எரிஞ்சுட்டிருக்குது. எடுத்துக் காதுல வெச்சேன்.

"எனக்குக் கேட்டுருச்சுங்க"ன்னாரு பூபதி. குரல் அந்தப் பக்கம் நெசமாவே நடுங்குச்சு. "நீங்க மெதுவாக் காப்பி குடிச்சுட்டு வாங்க. நான் மண்டபத்துலயே நிக்கறேன்."